டெல்டா வெயிலுக்கு ஏற்ற கேனிஸ்டர் ஃபில்டர்: மீடியாவைத் தேர்ந்தெடுப்பதும் அடுக்குவதும்

மே மாதத்தில் தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ மின்விசிறி மட்டும் சுழலும் அறையில் இருக்கும் மீன் தொட்டிக்குள் தெர்மாமீட்டரைப் போட்டுப் பாருங்கள். 31, 32 டிகிரி செல்சியஸ் காட்டும். தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா வடிவக் கேனிஸ்டர் ஃபில்டரோடு பெட்டியில் வரும் கையேடு பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும்; 32 டிகிரியில் அது சுமார் 7.3 ஆகக் குறைந்துவிடும். அதே சூட்டில் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடிவிடும். வரவு குறைந்து செலவு ஏறும் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துத்தான் நம் ஊரில் ஃபில்டரை அடுக்க வேண்டும்.

ஃபில்டர் கூடைக்குள் அடுக்கும் ஸ்பாஞ்சு, செராமிக் ரிங் போன்ற பொருள்களைத்தான் மீடியா என்கிறோம். அதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் எந்த நிறுவனத்தின் மீடியா, லிட்டர் என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். விலை உயர்ந்த மீடியாவை அழுக்கோடு அழுக்காக அடைத்து வைத்தால் அது வெறும் கல். உடைந்த கூரை ஓட்டுச் சில்லைக்கூடத் தண்ணீர் தாராளமாகப் பாயும்படி சுத்தமாக அடுக்கினால் அது தொட்டியைக் காப்பாற்றும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரே நோக்கத்தோடுதான் போகிறது: பாக்டீரியா இருக்கும் இடம்வரை ஆக்சிஜன் போய்ச் சேர வேண்டும்.

ஃபில்டருக்குள் என்ன நடக்கிறது

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விடுகிறது. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகும்போதும் அம்மோனியா வருகிறது. ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்குகிறது. இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகிறது. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டை மட்டும் ஓரளவு தாங்கிக்கொள்ளும். அதைத் தண்ணீர் மாற்றியோ செடி வளர்த்தோ குறைக்கலாம். இரண்டு வேலையையும் தனியாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைப் பாக்டீரியாவும் உண்டு என்று 2015-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் அறிவித்தன. அவற்றில் ஒரு குழுவுக்கு அது கிடைத்தது மீன் வளர்ப்புப் பண்ணை ஒன்றின் ஃபில்டரிலிருந்துதான்.

அம்மோனியா எவ்வளவு கொடியது என்பதைத் தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவும் சூடும் தீர்மானிக்கின்றன. பிஎச் 7, 25 டிகிரி என்றால் மொத்த அம்மோனியாவில் சுமார் 0.6 சதவீதம்தான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8, 32 டிகிரி என்றால் அது 8 சதவீதத்தைத் தாண்டிவிடும். பரிசோதனைக் குப்பியில் ஒரே நிறம் காட்டினாலும் ஆபத்து ஏறக்குறைய 15 மடங்கு. நம் போர் தண்ணீரில் பிஎச் 8 என்பது அபூர்வமல்ல. ஆகவே 'கொஞ்சம் அம்மோனியாதானே' என்று இங்கே விட்டுவிட முடியாது.

ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட்டாக மாறச் சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. கேனிஸ்டரோ மூடிய டப்பா. உள்ளே வரும் தண்ணீர் கொண்டுவருகிற ஆக்சிஜன்தான் மொத்தச் சொத்து. கீழ்க் கூடையில் தீனியும் கழிவும் அழுகிக் கிடந்தால் அந்த அழுகலே ஆக்சிஜனைத் தின்றுவிடும். தலைமடைக்காரர்கள் மடையைத் திறந்தே வைத்துக்கொண்டால் கடைமடை வயல் காய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மேல் கூடையில் இருக்கும் பாக்டீரியாவின் நிலையும் அதுதான். அதனால் குப்பையைத் தலைமடையிலேயே நிறுத்தி, அடிக்கடி அள்ளி வெளியே போட வழி செய்துகொண்ட பிறகே மற்றதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மீடியா வாங்கும் முன் அளவெடுங்கள்

தொட்டியின் நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். அடியில் கிடக்கும் மணலுக்கும் கல்லுக்கும் பத்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் உண்மையில் நிற்பது 130 முதல் 140 லிட்டர்.

அடுத்தது ஓட்டம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'மணிக்கு 1000 லிட்டர்' என்பது பெரும்பாலும் மீடியா இல்லாமல், தண்ணீரை உயரத்துக்கு ஏற்றாமல் அளந்த எண். மீடியாவை நிரப்பிக் குழாயை மாட்டியதும் அது கணிசமாக இறங்கும். நீங்களே அளந்துவிடுங்கள். வெளிவரும் குழாயை அதன் வழக்கமான உயரத்திலேயே பிடித்து, 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 36000-ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று தெரியும். 60 விநாடி ஆனால் 600 லிட்டர். பல வகைச் சிறு மீன்கள் சேர்ந்து வாழும் சாதாரணத் தொட்டிக்கு மணிக்கு நான்கைந்து முறை தொட்டித் தண்ணீர் சுற்றினால் போதும். கோல்டுஃபிஷ், ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன் என்று அதிகம் தின்று அதிகம் கழிக்கும் மீன்கள் என்றால் அதற்கு மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். புது மீடியாவோடு அளந்த விநாடியை ஃபில்டர் மூடியிலேயே மார்க்கரில் எழுதி வைத்துவிடுங்கள். பின்னால் சுத்தம் செய்யும் நாளை அந்த எண்தான் சொல்லும்.

தண்ணீர் எந்தத் திசையில் போகிறது என்றும் பார்த்தாக வேண்டும். பெரும்பாலான கேனிஸ்டர்களில் அழுக்குத் தண்ணீர் ஓரமாக அடிக்கு இறங்கி, கூடைகள் வழியே மேலே ஏறி, தலைப்பகுதியிலுள்ள மோட்டாரால் தொட்டிக்குத் திரும்புகிறது. சில மாடல்களில் மேலிருந்து கீழாகவும் ஓடும்; வேறு சிலவற்றில் ஓரத்தில் தனி ஸ்பாஞ்சு அறை இருக்கும். இனி நான் 'முதல் கூடை' என்று சொல்வது அழுக்குத் தண்ணீர் முதலில் தொடும் கூடையை. உங்கள் மாடலில் அது மேலே இருந்தால் வரிசையை அப்படியே தலைகீழாக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர்த் தண்ணீர்

ஒரே டெல்டாவில் மூன்று நான்கு விதமான தண்ணீர் உண்டு. மீடியாவை அதற்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்க வேண்டும்.

கொள்ளிடத்திலிருந்து வரும் குடிநீரைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது குளோரின். மீடியாவைக் குழாயடியில் காட்டிக் கழுவினால் வளர்த்த பாக்டீரியா போய்விடும். தொட்டிக்கு ஊற்றும் தண்ணீரையும் ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் காற்றுக் குமிழ் விட்டு வைத்தோ, ஆன்டி குளோரின் சேர்த்தோதான் ஊற்ற வேண்டும்.

போர் தண்ணீரில் சில ஊர்களில் இரும்பு இருக்கும். பிடித்தபோது பளிங்காக இருக்கும் வாளித் தண்ணீரில் சற்று நேரத்தில் செம்பழுப்புப் படலம் மிதக்கும். அதை நேரே தொட்டியில் ஊற்றினால் அந்தத் துரு செராமிக் ரிங்கின் துளைகளில்தான் போய்ப் படியும். முதல் நாளே டிரம்மில் பிடித்து, காற்று விட்டு, படியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் எடுத்துப் பயன்படுத்துங்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு ஏறியது. அங்கே அம்மோனியாவைப் பிடிக்கும் சியோலைட் கல்லை வாங்குவது வீண். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். மழைநீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ மட்டும் ஊற்றுகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறான சிக்கல். அம்மோனியாவை மாற்றும் வேலையில் பாக்டீரியா தண்ணீரின் காரத்தன்மையையும் செலவழிக்கிறது. மழைநீரில் அது மிகக் குறைவு என்பதால் சில வாரங்களில் பிஎச் சரிந்து பாக்டீரியா மந்தமாகிவிடும். அவர்களுக்குத்தான் கிளிஞ்சல் தேவைப்படும்.

மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வரும் ஜூன், ஜூலை நாள்களில் சில இடங்களில் குழாய்த் தண்ணீரும் லேசாகக் கலங்கி வரும். அந்த நுண்ணிய வண்டலை ஸ்பாஞ்சு பிடிக்காது; வெண்பஞ்சு பிடிக்கும், பிடித்த வேகத்திலேயே அடைத்தும் கொள்ளும். ஆடிப்பெருக்கு தாண்டும்வரை பஞ்சை வாரம் ஒருமுறை மாற்றத் தயாராக இருங்கள்.

குப்பையைப் பிடிக்கும் மீடியா

இருப்பதிலேயே பயனுள்ள மீடியா எது என்று கேட்டால், கேனிஸ்டருக்கு வெளியே மாட்டுவதைத்தான் சொல்வேன். தொட்டிக்குள் தண்ணீரை உறிஞ்சும் குழாயின் முனையில் செருகும் உருளை ஸ்பாஞ்சு அது. குப்பையில் பெரும்பகுதி அதிலேயே நின்றுவிடும். வாரம் ஒருமுறை மோட்டாரை நிறுத்தி, ஒரு பிளாஸ்டிக் பையைத் தண்ணீருக்குள் விட்டு ஸ்பாஞ்சை மூடி உருவி எடுத்து, தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளியில் பிழிந்தால் வேலை முடிந்தது. கேனிஸ்டரைத் திறக்கவே வேண்டாம். கேனிஸ்டருக்குள் அடைந்த கழிவு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் கேனிஸ்டர் தொட்டியின் ஒரு பகுதிதான். உள்ளே அழுகுவதெல்லாம் மீனின் தண்ணீரில்தான் அழுகுகிறது. குஞ்சு மீன்களும் இறாலும் குழாய்க்குள் இழுபடாமல் காப்பதும் இந்த வெளி ஸ்பாஞ்சுதான்.

கேனிஸ்டருக்குள் ஸ்பாஞ்சைப் பெருந்துளை, நடுத்துளை என்ற வரிசையில் வையுங்கள். ஸ்பாஞ்சுக்குப் பிபிஐ என்று ஓர் எண் சொல்வார்கள். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை துளை என்பதுதான் அது. 20 பெருந்துளை, 30 நடுத்துளை, 45 நுண்துளை. நம் ஊரில் 45-ஐ நான் பரிந்துரைப்பதில்லை. சூட்டில் பாக்டீரியாப் படலம் வேகமாக வளர்ந்து சில வாரங்களில் அதை அடைத்துவிடும். தண்ணீர் எளிதான வழியைத் தேடிக் கூடையின் ஓரமாகப் பாய ஆரம்பிக்கும். அப்புறம் ஃபில்டர் ஓடும், வடிகட்டாது.

ஸ்பாஞ்சைக் கூடையின் அளவைவிடச் சில மில்லிமீட்டர் பெரிதாக வெட்டுங்கள். விளிம்பு கூடையின் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். மடங்கித் திணிந்துவிடக் கூடாது. வெட்ட பிளேடு கத்தியும் ஸ்கேலும் போதும்.

வெண்பஞ்சு, அதாவது பாலியஸ்டர் பஞ்சு, தண்ணீரைக் கண்ணாடியாக்கும். தலையணைக் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சும் ஆகும். மணமோ மருந்தோ ஏற்றாதது என்று கேட்டு வாங்குங்கள். இலவம்பஞ்சு, பருத்திப் பஞ்சு இரண்டும் தண்ணீரில் அழுகிவிடும். பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சில் சில வகைகளுக்குக் கிருமிநாசினி ஏற்றியிருப்பார்கள். அதையும் தொட வேண்டாம்.

பஞ்சைக் கடைசியில் வைப்பதா, செராமிக்குக்கு முன்னால் வைப்பதா என்பதில் மீன் வளர்ப்பவர்களிடையே இரண்டு கட்சி உண்டு. முன்னால் வைத்தால் செராமிக் சுத்தமாக இருக்கும். ஆனால் பஞ்சு அடைத்தால் மொத்த ஓட்டமும் நின்றுவிடும். நான் கடைசியில், மோட்டாருக்கு முந்தைய அடுக்கில், விரல் தடிமனுக்கு வைக்கச் சொல்வேன். அங்கே வரும் தண்ணீர் ஏற்கெனவே வடிகட்டப்பட்டது என்பதால் அது மெதுவாகத்தான் அழுக்கேறும். பளிங்குத் தண்ணீர் முக்கியமில்லை என்றால் பஞ்சே வேண்டாம்.

பாக்டீரியாவுக்கான மீடியா

விளம்பர அட்டையில் 'லிட்டருக்கு இத்தனை சதுர மீட்டர் பரப்பு' என்று எழுதியிருப்பார்கள். அந்த எண்ணை நம்பி விலை கொடுக்காதீர்கள். அதில் பெரும்பகுதி நுண்துளைகளின் உட்சுவர். பாக்டீரியாப் படலத்துக்குள் ஆக்சிஜன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழம்தான் போகும். மிக நுண்ணிய துளையின் வாயைப் படலம் மூடியபின் உள்ளே இருக்கும் பரப்பு அம்மோனியா வேலைக்கு உதவாது. தண்ணீர் தொட்டுப் போகிற வெளிப்பரப்பும், துண்டுகளுக்கு இடையே இருக்கும் இடைவெளியும்தான் கணக்கில் வரும்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் கடையில் இருப்பவை தரம் பிரிந்துவிடும். செராமிக் ரிங் நம்பகமானது: நடுவில் துளை இருப்பதால் தண்ணீர் பிரிந்து ஓடும், கழுவ எளிது, பல ஆண்டுகள் உழைக்கும். நுண்துளைக் கண்ணாடி மீடியா நல்லதுதான், ஆனால் அழுக்குத் தண்ணீர் பட்டால் சீக்கிரம் பயனிழக்கும். முன்னால் ஸ்பாஞ்சு சரியாக இருந்தால் மட்டும் வாங்கலாம். லாவா கல் மலிவு. முனை கூரானது, கனமானது, தூசு நிறைய வரும். பயோ பால் என்னும் பிளாஸ்டிக் பந்து மேலிருந்து தண்ணீர் சொட்டும் திறந்த ஃபில்டருக்காக வடிவமைக்கப்பட்டது. மூழ்கிய கேனிஸ்டரில் அது இடத்தை அடைக்கும் அளவுக்கு வேலை செய்யாது. 30 துளை ஸ்பாஞ்சையே பாக்டீரியா மீடியாவாக வைத்தாலும் நன்றாக ஓடும். பலர் இதை நம்ப மாட்டார்கள். ஒரு கூடை முழுக்க ஸ்பாஞ்சு மட்டும் வைத்து அமைதியாக ஓடுகிற தொட்டிகள் எத்தனையோ உண்டு.

பணம் குறைவாக இருந்தால் நாட்டு ஓடு இருக்கிறது. பழைய வீடு பிரிக்கும் இடத்தில் கேட்டாலே கொடுப்பார்கள். நன்றாக வெந்த ஓடாகப் பாருங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் செம்மண் ஒட்டக் கூடாது, தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். சுண்ணாம்பு, சிமென்ட், பெயின்ட் பட்ட பகுதியை ஒதுக்கிவிடுங்கள். கோலிக்குண்டு அளவில் உடைத்து, சல்லடையில் தூளைக் கழித்து, தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். ஒரு துண்டின் மேல் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் நுரைக்கக் கூடாது. நுரைத்தால் சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறது என்று பொருள். ஓட்டுச் சில்லைவிடச் சிறிய துண்டாக எதையும் போடாதீர்கள். மணலும் பொடிக்கல்லும் இடைவெளியை அடைத்து ஓட்டத்தைக் கொன்றுவிடும்.

தேங்காய் நாரைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். நம் ஊரில் இலவசமாகவே கிடைக்கும், தண்ணீரும் நன்றாக ஓடும். ஆனால் அது மெல்ல அழுகும், நிறம் விடும், அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னும். கேனிஸ்டருக்குள் வேண்டாம்.

துண்டு மீடியாவை வலைப்பையில் கட்டிப் போட்டால் எடுக்கவும் கழுவவும் எளிது. கொசுவலைத் துணியில் பை தைக்கும் வழக்கம் இருக்கிறது. அதில் ஒரு பெரிய எச்சரிக்கை: மருந்து தோய்த்த கொசுவலையைத் தொடவே தொடாதீர்கள். அதில் ஏற்றும் பெர்மெத்ரின் போன்ற மருந்துகள் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொன்றுவிடும். மருந்தில்லாத நைலான் வலை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

கார்பன், சியோலைட், கிளிஞ்சல்

"அண்ணே, கார்பனும் ஒரு பாக்கெட் போட்டுவிடுங்கள்" என்று மீடியா வாங்கும்போதே கேட்பவர்கள் உண்டு. வேலை இருந்தால் மட்டும் வாங்குங்கள். மீனுக்கு மருந்து போட்டு முடித்தபின் மிச்ச மருந்தை எடுக்கவும், மரக்கட்டை விட்ட மஞ்சள் நிறத்தைப் போக்கவும் ஆக்டிவேட்டட் கார்பன் உதவும். சில வாரங்களில் அதன் சக்தி தீர்ந்துவிடும். அப்புறம் அது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். மருந்து போடும்போது கட்டாயம் வெளியே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் மருந்தை அது தின்றுவிடும். அடுப்புக்கரி இதற்கு மாற்றாகாது. கார்பனுக்கு நீராவியாலோ ரசாயனத்தாலோ நுண்துளைகளைத் திறந்துவிட்டிருப்பார்கள், அடுப்புக்கரியில் அந்த வேலை நடக்கவில்லை.

சியோலைட் அம்மோனியாவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் கல். புதுத் தொட்டியில் திடீரென்று அம்மோனியா ஏறினால் அவசரத்துக்கு நல்லது. உப்பு பட்டால் பிடித்ததையெல்லாம் திருப்பி விட்டுவிடும். சியோலைட்டை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் புதுப்பிப்பதே இந்தக் குணத்தை வைத்துத்தான். ஆகவே உப்பு ஏறிய கடலோரப் போர் தண்ணீரில் அது வேலை செய்யாது. வெள்ளைப்புள்ளி நோய்க்காகத் தொட்டியில் கல் உப்பு போடுவதாக இருந்தால், முதலில் சியோலைட்டை வெளியே எடுங்கள். எடுக்க மறந்தால், நோயால் ஏற்கெனவே செவுள் புண்பட்ட மீனின் மேல் அம்மோனியாவும் சேர்ந்து இறங்கும்.

பிஎச்சையும் கடினத்தன்மையையும் ஏற்றப் பவளத் துண்டு போடுவார்கள். பவளப்பாறை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டது. கடற்கரையில் பொறுக்கி வரவோ வாங்கவோ வேண்டாம். கிளிஞ்சல் அதே வேலையைச் செய்யும். கொதிக்கவைத்துக் கழுவி, ஒரு கைப்பிடி மட்டும் வலைப்பையில் போடுங்கள். மழைநீர், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு மட்டும்தான் இது. போர் தண்ணீர்க்காரர்கள் போட்டால் ஏற்கெனவே உயர்ந்த பிஎச் இறங்க வழியில்லாமல் போகும். ஏஞ்சல், டெட்ரா போன்ற மீன்களுக்கு அது கேடு.

அடுக்கும் நாள்

எல்லா மீடியாவையும் வாளியில் போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். புது மீடியாவில் பாக்டீரியா இல்லை என்பதால் குழாய்த் தண்ணீரே போதும். சோப்பு கூடாது. கார்பன் வாங்கியிருந்தால் அதைத் தனியாக அலசுங்கள். கறுப்புத் தூள் மோட்டாருக்குள் போனால் தேய்மானம்.

மேலே சொன்ன மூன்றடித் தொட்டியையும், மூன்று கூடை கொண்ட கேனிஸ்டரையும் எடுத்துக்கொள்வோம். முதல் கூடையில் அடியில் 20 துளை ஸ்பாஞ்சு, அதன்மேல் 30 துளை ஸ்பாஞ்சு. வேறு எதுவும் வேண்டாம். கூடையின் அடியில் செராமிக் ரிங் பரப்பி அதன்மேல் ஸ்பாஞ்சு வைக்கச் சொல்லும் கையேடுகள் உண்டு. தண்ணீரைப் பரவலாக்க அது உதவும் என்பது உண்மைதான். ஆனால் முதலில் அழுக்கு படுவது அந்த ரிங்கின் மேல்தான். நல்ல ரிங்கை அங்கே வீணாக்காமல், வேண்டுமானால் மலிவான பிளாஸ்டிக் மீடியாவைப் போடுங்கள்.

இரண்டாம் கூடை முழுவதும் செராமிக் ரிங் அல்லது ஓட்டுச் சில்லு. திணிக்காதீர்கள்; கொட்டி, ஒருமுறை லேசாக ஆட்டி, தானாகப் படிந்த அளவோடு நிறுத்துங்கள். விளிம்புக்கு மேல் குவிந்தால் அடுத்த கூடை சரியாக உட்காராது. உட்காராத கூடையின் இடுக்கு வழியே தண்ணீர் குறுக்குவழியில் போய்விடும்.

மூன்றாம் கூடையில் முக்கால் பங்கு அதே மீடியா, மேலே விரல் தடிமன் பஞ்சு. கார்பன் தேவைப்படும் காலத்தில் பஞ்சுக்குக் கீழே இருக்கும் மீடியாவில் கொஞ்சத்தை வலைப்பையில் கட்டித் தொட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் கார்பன் பையை வையுங்கள். வெளியே எடுத்த மீடியாவில் பாக்டீரியா உயிரோடு இருக்கும். கார்பன் வேலை முடிந்ததும் திரும்ப வைத்துவிடலாம்.

கோல்டுஃபிஷ், ஆஸ்கார் தொட்டி என்றால் இந்த விகிதத்தை மாற்றுவேன்: இரண்டாம் கூடையின் அடியிலும் ஒரு 30 துளை ஸ்பாஞ்சு. பாக்டீரியா மீடியா குறைகிறதே என்று கவலைப்பட வேண்டாம். அழுக்குச் சேராத ஒரு லிட்டர் செராமிக், சேறு படிந்த மூன்று லிட்டர் செராமிக்கைவிட அதிகம் வேலை செய்யும்.

மூடும் முன் ரப்பர் ஓ-ரிங்கையும் அது உட்காரும் பள்ளத்தையும் துடையுங்கள். ஒரு மணல் துகள் போதும், இரவெல்லாம் தரையில் தண்ணீர் கசியும். சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி சில ரப்பர்களை உப்பவைத்துக் கெடுத்துவிடும். மோட்டாரைப் போடும் முன்பே கேனிஸ்டர் முழுவதும் தண்ணீர் நிரம்பட்டும். போட்டபின் உள்ளே சலசல என்று காற்றுச் சத்தம் கேட்டால், டப்பாவை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துக் காற்றை வெளியேற்றுங்கள். வெளிவரும் குழாயின் வாய் தண்ணீரின் மேற்பரப்பைக் கலைக்கும்படி திருப்பி வையுங்கள். மீடியாவுக்கு ஆக்சிஜன் சேர்வது அந்த அலையில்தான்.

முதல் ஆறு வாரம்

பாக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நோயில்லாத பழைய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சைக் கொண்டுவந்து இரண்டாம் கூடையில் வைத்தால் காலம் நன்றாகக் குறையும். வழியில் அது காயாமல் இருக்க வேண்டும். ஏற்கெனவே வேறு ஃபில்டர் ஓடுகிறது என்றால் இரண்டையும் ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்து ஓட்டிவிட்டுப் பழையதை எடுங்கள். இந்த வாரங்களில் மீனைக் குறைவாக வையுங்கள், தீனியைக் குறைவாகப் போடுங்கள், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டும்வரை ஃபில்டரைத் திறக்காதீர்கள். வெள்ளையாக இருந்த ரிங் மங்கிய பழுப்பாக மாறி, தொட்டால் லேசாக வழுக்கும். அதைத் தேய்த்துத் துடைக்க வேண்டாம்.

சுத்தம் செய்வது

மூடியில் எழுதிய விநாடி நினைவிருக்கட்டும். வாளி நிரம்பும் நேரம் 60-இலிருந்து 90 ஆகிவிட்டால் ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, திறக்கலாம். வெளி ஸ்பாஞ்சை வாராவாரம் பிழிகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் இது வரும்.

திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் உள்ளே எல்லாம் நலம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஏதோ ஒரு கூடையில் ஆக்சிஜன் போகவில்லை. எங்கே சேறு கட்டியிருக்கிறது என்று தேடுங்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை இரண்டு வாளிகளில் நிரப்புங்கள். ஒன்றில் ஸ்பாஞ்சைப் பிழிந்து பிழிந்து அலசுங்கள். மற்றதில் செராமிக் கூடையை அப்படியே இரண்டு மூன்று முறை முக்கி எடுங்கள், அவ்வளவுதான். எல்லாக் கூடைகளையும் ஒரே நாளில் துப்புரவாகக் கழுவாதீர்கள். இந்த முறை ஸ்பாஞ்சு என்றால் அடுத்த முறை செராமிக். பஞ்சை மட்டும் தூக்கிப் போட்டுப் புதிது வையுங்கள். மோட்டாரில் சுழலும் சிறு விசிறியான இம்பெல்லரைக் கழற்றி அதன் குழியைப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். குழாயின் உட்புறத்தையும் மறக்க வேண்டாம். ஓட்டக் குறைவுக்கு மீடியாவைக் குற்றம் சொல்லும் பல இடங்களில் உண்மைக் காரணம் குழாய்க்குள் வளர்ந்த படலம்தான்.

மின்சாரம் நின்றால்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தனை பெரிய புயல் அரிது என்றாலும், ஐப்பசி, கார்த்திகையில் சில மணி நேர மின்வெட்டு எதிர்பார்க்க வேண்டியதுதான். மூடிய கேனிஸ்டருக்குள் ஓட்டம் நின்றதும், உள்ளே இருக்கும் ஆக்சிஜனைப் பாக்டீரியாவே சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். அப்புறம் அவற்றின் வேலை நின்றுபோகும்.

ஒரு மணி நேரம் என்றால் எதுவும் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரத்தைத் தாண்டும் என்று தெரிந்தால் கேனிஸ்டரைத் திறந்து கூடைகளை வெளியே எடுங்கள். பேட்டரி காற்று பம்ப் இருந்தால் செராமிக்கை வலைப்பையோடு தொட்டிக்குள்ளேயே போட்டுக் குமிழ் விடுங்கள். இல்லையென்றால் அகலத் தட்டில் பரப்பி, தொட்டித் தண்ணீரை அவ்வப்போது தெளித்து ஈரமாக வையுங்கள். ஈரமும் காற்றும் படும்வரை பாக்டீரியா தாங்கும். மீனுக்குத் தீனி நிறுத்திவிடுங்கள்.

பெரும்பாலான வீட்டு கேனிஸ்டர்கள் 15 முதல் 25 வாட்தான் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் தாராளமாக ஓட்டலாம். சைன் வேவ் இன்வெர்ட்டராகப் பாருங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் இந்த மோட்டார் ரீங்கரித்துச் சூடேறும்.

திறக்க முடியாமல் போய், கேனிஸ்டர் மூடியபடியே பல மணி நேரம் நின்றிருந்தால், மின்சாரம் வந்ததும் தானாக ஓடவிடாதீர்கள். வெளியூர் போகும்போது வீட்டில் இருப்பவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள். உள்ளே தேங்கிய தண்ணீரில் அம்மோனியாவும் நாற்றமும் சேர்ந்திருக்கும்; சுவிட்ச் போட்ட நிமிடத்தில் அது முழுவதும் மீனின் மேல் கொட்டும். முதலில் பிளக்கைப் பிடுங்கி, இரண்டு குழாய்களின் வால்வையும் மூடி, கேனிஸ்டரைக் கழற்றித் தேங்கிய தண்ணீரை வெளியே ஊற்றுங்கள். மீடியாவைத் தொட்டித் தண்ணீரில் அலசி, புதுத் தண்ணீர் நிரப்பியபின் ஓடவிடுங்கள். அடுத்த ஒரு வாரம் தினமும் அம்மோனியா பரிசோதியுங்கள். நிறம் மாறினால் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.